குடத்தில் விழாத ஓலை: அறிவியல் ஒலிம்பியாட் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

1

கேள்வித்தாளையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கதையை, கவிதையை, சினிமாவை எல்லாம் கட்டுடைத்துப் பார்த்துவிட்டோம். புராணத்தையும் பாடப்புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. நம்ம பிள்ளைங்க தலையெழுத்தைத் தீர்மானிக்கிற கேள்வித்தாளை மட்டும் ஏனோ இன்னும் தொடவில்லை. கேள்வித்தாளுக்கும் ஆசிரியர் உண்டு. அவர் மனதில் ஒரு வாசகர் இருக்கிறார். சொல்வதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு. அதிலும் அறிவியல் கேள்வித்தாள் என்றால் ஊர், சேரி எதுவும் ஒட்டாத சுத்தமான பொருள் என்பதாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. முற்போக்கு பேசுகிற தோழர்களிடமும் இது இருக்கிறது. 'ரெண்டும் ரெண்டும் நாலுதானே, அதுல இன்னா சாதி கீது?' என்று கேட்கிறார்கள். ரெண்டும் ரெண்டும் நாலுதான். அந்தக் கணக்கை யாரிடம், எந்த மொழியில், எந்தக் கட்டடத்தில் உட்கார வைத்துக் கேட்கிறார்கள் என்பதில்தான் சாதி இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய அறிவியல் ஒலிம்பியாடை இங்கே எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு ஒலிம்பிக்ஸ் தெரிந்த அளவுக்கு இது நம்மிடையே தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல், இளநிலை அறிவியல் என்று தனித்தனியாக நடக்கிறது. முதல் சுற்றை இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நாடு முழுக்க நடத்துகிறது. தேறியவர்களுக்கு இரண்டாம் சுற்று. அதிலிருந்து பொறுக்கி எடுத்த சில டஜன் பேருக்கு மும்பை மான்கூர்டில் இருக்கிற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பயிற்சி முகாம் நடத்துகிறது. கடைசியில் இயற்பியலுக்கு 5 பேர், வேதியியலுக்கு 4 பேர், உயிரியலுக்கு 4 பேர் என்று உலகப் போட்டிக்குப் போகிறார்கள். உலக இயற்பியல் ஒலிம்பியாட் 1967இல் வார்சாவில் தொடங்கியது. இந்தியா 1998இல் சேர்ந்தது. ஒலிம்பியாட் என்ற பெயரில் தனியார் அமைப்புகளும் பள்ளிகளில் தேர்வு நடத்துகின்றன. அந்த வழியாக யாரும் உலகப் போட்டிக்குப் போவதில்லை. நான் பேசுவது அணுசக்தித் துறை முதலான மத்திய அரசுத் துறைகளின் பணத்தில் நடக்கிற ஒலிம்பியாட் பற்றி. அந்தப் பணத்தில் நம்முடையதும் இருக்கிறது.

'அஞ்சு பிள்ளைங்க போற போட்டிக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு?' என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1963இல் தொடங்கிய தேசியத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. முதலில் அறிவியலுக்கு மட்டும் என்று இருந்து, 1976க்குப் பிறகு விரிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைத் தமிழிலேயே எழுத முடிந்தது. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு இருந்தது. 2021 மார்ச்சோடு அதற்கான ஒப்புதல் முடிந்தது. அதற்குப் பிறகு நிறுத்தி வைத்துவிட்டார்கள். மறுபக்கம் சென்னை ஐ.ஐ.டி. 2025-26 கல்வியாண்டில் இருந்து ஒலிம்பியாட் முகாம் வரை போனவர்களுக்கென்று தனி இடங்களை உண்டாக்கியிருக்கிறது. அந்த வழியில் வருபவர்கள் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மதிப்பெண்ணைக் காட்ட வேண்டியதில்லை. ஒலிம்பியாட் தேர்வில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் பற்றி விதி உண்டு. சாதியைப் பற்றி விதி இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடஒதுக்கீடு இருந்த வாசல் மூடிக் கிடக்கிறது. இடஒதுக்கீடு இல்லாத வாசல் அகலமாகிறது. யாரோ திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடாமலே இப்படி நடக்கிறது என்பதுதான் இந்தச் சமூகத்தின் அமைப்பு.

2

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஒரு பெருமையைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டியது. குடவோலை முறை. பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். 2020இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் பாராட்டிப் பேசினார். மக்களாட்சியின் தாய் என்கிறார்கள்.

குடத்துக்குள் நடந்தது நேர்மையாகவே இருக்கட்டும். ஓலையில் யார் பேர் எழுதலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலி வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திரமும் பிராமணமும் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், வேதமும் பாஷ்யமும் ஓதியிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். அது பிராமணர் சபை. நிலமும் இல்லாத, வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாத சனங்களின் பேர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை.

ஒலிம்பியாட் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. விடைத்தாளைத் திருத்துகிறவர் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். நம்புகிறேன். திருத்துகிறவருக்குப் பேர்கூடத் தெரியாது என்பார்கள். அதையும் நம்புகிறேன். என் கேள்வி குடத்துக்கு வெளியே இருக்கிறது. முதல் சுற்றை எழுதப் பேர் கொடுக்கிற பிள்ளைகள் யார்? தேர்வு மையமாகப் பதிவு செய்துகொள்கிற பள்ளிகள் எவை? தமிழ்நாட்டில் ஆயிரத்து நூறுக்கு மேல் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் இந்தத் தேர்வைப் பற்றி எழுதிப் போட்டதை நான் பார்த்ததில்லை. புள்ளலூர்க் காலனியில் சாயங்காலம் கூடுகிற எங்கள் மாலைப் பள்ளியில் ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருத்தருக்கும் பேர்கூடத் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் 'ஓட்டப்பந்தயமாண்ணா?' என்றான். பேர் தெரியாத போட்டியில் தோற்றுப்போனவர்கள் என்ற பட்டியலில்கூட எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள். தோற்கிறவன் குடத்துக்குள் விழுந்தவன். இவர்கள் விழாத ஓலைகள்.

மேட்டுக்குடிப் பிள்ளைக்கு இந்தப் பேர் எப்படித் தெரிகிறது? அப்பா ஐ.ஐ.டி.யில் படித்தவர். மாமா ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறார். எட்டாவதிலேயே பயிற்சி மையத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பழைய கேள்வித்தாள், பெரிய புத்தகம், சந்தேகம் கேட்க ஆள். இதையெல்லாம் கூட்டி வருகிற மொத்தத்துக்குத் 'திறமை' என்று பேர் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் உழைப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். ஆனால் அந்த உழைப்புக்கு அடியில் கால் வேலி நிலம் கிடக்கிறது. கல்வெட்டுக்காரன் அதை வெளிப்படையாகக் கல்லில் வெட்டிவிட்டுப் போனான். இன்றைக்கு அதை யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

3

இனி பிரதிக்குள் போகலாம். இயற்பியல் கணக்குகளில் அடிக்கடி வருகிற ஒரு வாசகம் உண்டு: நிறையற்ற கயிறு, உராய்வற்ற கப்பி, வழவழப்பான சாய்தளம். எங்கள் மாலைப் பள்ளியில் இப்படி ஒரு கணக்கைப் போட்டேன். பதினொன்றாவது படிக்கிற பெண் கேட்டாள்: 'ராட்டினம் எண்ணெ போடலன்னா கத்துமேண்ணா. உராய்வே இல்லன்னா தோண்டி அப்படியே கெணத்துல உழுந்துடாதா?' எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. உராய்வை நீக்கிவிட்டு யோசிப்பது இயற்பியலுக்குத் தேவையான உத்தி. கலிலியோவில் இருந்து அப்படித்தான் வந்திருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் உராய்வுக்குள் இருந்து யோசிக்கிறாள். அவளுடைய அறிவு அங்கே இருந்து தொடங்குகிறது. கேள்வித்தாள் தொடங்குகிற இடம் வேறு. நடுவில் ஒரு பாலம் போட்டுக் கொடுக்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் வேலை. பாலம் போடாமலே 'இந்தப் பிள்ளைக்கு இயற்பியல் வராது' என்று முடித்துவிடுகிறார்கள்.

அன்றைக்குப் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் கலந்துகொண்டார். சின்ன வயசில் பண்ணையில் படியாளாக இருந்து கவலை ஓட்டியவர். பம்புசெட் வருவதற்கு முன்னால் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணி இறைத்த அந்தக் கவலையை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. அவர் சொன்னார்: 'மேட்டுல மாட்ட ஏத்தி இழுத்தா செத்துப் பூடும். பள்ளத்துல எறக்கணும். அப்பதான் மாட்டோட பாரமும் சேந்து இழுக்கும். பத்தலன்னா நாங்க ஏறி கயித்து மேலயே குந்திக்குவோம்.' சாய்தளம், கப்பி, ஈர்ப்பு விசையின் ஒரு கூறு, கூடுதல் எடை, எல்லாம் இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிறது. சாலுக்கு ஒரு கயிறு, அதன் அடியில் தைத்திருக்கிற தோல் வாலுக்கு இன்னொரு கயிறு. வரும்போது வால் மடங்கித் தண்ணியைத் தாங்கும். மேலே வந்ததும் தானாகவே விரிந்து ஊற்றும். ஆள் கை வைக்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடித்தவன் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தோல் வாலைத் தைத்தது தோல் வேலை செய்கிற சாதி. மாட்டை ஓட்டியது படியாள். செத்த மாட்டுத் தோல் வழியாக வந்த தண்ணி ஊர்க்காரன் வயலுக்குத் தீட்டில்லை. அதை ஓட்டினவன் தாகத்துக்கு அந்தக் கிணற்றில் கை வைத்தால் தீட்டு. இதற்கு எந்த அறிவியலும் விளக்கம் சொல்லாது. வேதியியல் அறிஞர் பி.சி. ராய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கைத்தொழிலைக் கீழ்ச்சாதிக்குத் தள்ளிவிட்டு, மூளையைக் கையிலிருந்து பிரித்த பிறகுதான் இந்த நாட்டில் அறிவியல் செத்தது என்றார். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்ம பள்ளி ஆய்வகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பது விளங்கும். உலக இயற்பியல் ஒலிம்பியாடில் மொத்த மதிப்பெண் 50. அதில் 20 செய்முறைக்கு. கையால் செய்து பழகின சாதிகளின் பிள்ளைகளுக்குச் செய்முறையைக் கொடுக்காமல், எழுதி மனப்பாடம் பண்ணச் சொல்கிறது நம்ம கல்வி.

கேள்வித்தாள் எப்போதும் குருடாகவே இருக்கிறது என்று சொல்வதும் சரியில்லை. 2015இல் உலக இயற்பியல் ஒலிம்பியாட் மும்பையில் நடந்தது. அதன் செய்முறைக் கேள்வி ஒன்று சுருள் அமைப்பில் ஏற்படும் ஒளியின் விளிம்பு விளைவைப் பற்றியது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் காட்டிக் கொடுத்த, ரோசாலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த 'படம் 51' அதில் பேர் சொல்லியே வருகிறது. 1962இல் நோபல் பரிசை மூன்று ஆண்கள் வாங்கினார்கள். பிராங்க்ளின் 1958லேயே இறந்துபோயிருந்தார். மறைத்து வைத்த ஒரு பெண்ணின் உழைப்பை ஒரு கேள்வித்தாள் ஞாபகம் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. அதே ஒலிம்பியாடில் அணு உலை வடிவமைப்பு பற்றி ஒரு கேள்வி. எரிபொருள் கம்பி, நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிற பொருள், நியூட்ரான் கசியாதபடி உலையின் அளவு என்று படிப்படியாகப் போகிற நல்ல கேள்வி. கல்பாக்கத்தில் ஓடுவதும் கனநீர் உலைதான். 2019 வரை கல்பாக்கம் எங்கள் மாவட்டத்தில் இருந்தது. அங்கே உள்ளே போய்க் கூலி வேலை பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறது என்பதும் இயற்பியல்தான். கணக்குப் போடலாம். அந்தக் கணக்கு கேள்வியாக வரவில்லை. எந்தக் கைக்கு ஞாபகம் கொடுப்பது, எந்தக் கைக்குக் கொடுக்காமல் விடுவது என்பது கேள்வி எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்த விஷயம்.

4

மொழிக்கு வருகிறேன். உலக ஒலிம்பியாடில் நடக்கிற ஒரு காரியத்தை நம்ம ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு நாட்டின் அணித்தலைவர்களும் தூங்காமல் உட்கார்ந்து கேள்வித்தாளைத் தங்கள் பிள்ளைகளின் மொழிக்குப் பெயர்க்கிறார்கள். ஹங்கேரிப் பிள்ளை ஹங்கேரிய மொழியில் எழுதுகிறது. ஜார்ஜியப் பிள்ளை ஜார்ஜிய மொழியில் எழுதுகிறது. எஸ்டோனியாவின் மொத்தச் சனத்தொகை நம்ம சென்னையில் கால் பங்கு வராது. அந்தப் பிள்ளையும் தாய்மொழியில் எழுதுகிறது. வியட்நாம் முதன்முதலாக உலகக் கணித ஒலிம்பியாடுக்குப் போனது 1974இல். போர் இன்னும் முடியவில்லை. ஐந்து பேர் கிழக்கு ஜெர்மனிக்குப் போய், போன முதல் வருஷமே தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அவர்கள் இங்கிலீஷ் படித்து முடித்துவிட்டுப் போகவில்லை.

ஆக, உலகப் போட்டியின் கடைசிப் படியில் தாய்மொழிக்கு இடம் இருக்கிறது. அந்தப் படிக்குப் போகிற இந்திய வழிதான் இங்கிலீஷால் ஆனது. புத்தகம், பயிற்சி மையம், பழைய தாள்களுக்கான விளக்கம், முகாமில் பேசுகிற பேச்சு எல்லாம் அதில்தான். தமிழ்வழியில் படிக்கிற ஒரு பிள்ளை மும்பை வரை போவதற்கு முதலில் தன் நாக்கைக் கழற்றி வைக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் தமிழில் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தமிழ்ப் பற்றாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நமக்கு அது போதாது. பாடப்புத்தகத் தமிழும் சேரியின் தமிழ் இல்லை. 'முடுக்கம்' என்று எழுதிப் போட்டால் எங்கள் பிள்ளைகள் முழிக்கிறார்கள். 'பஸ்ஸு பிக்கப் எடுக்குதே, அதுதான்' என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 'பரப்பு இழுவிசை' என்றால் தெரியாது. ஏரித் தண்ணி மேல் கால் நனையாமல் ஓடுகிற பூச்சியைக் காட்டினால் தெரியும். மேலே சொன்ன 2015ஆம் வருஷத் தாளில் இன்னொரு செய்முறை, தண்ணீரின் மேல் எழும் சிற்றலைகளால் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது. ஏரியில் எருமை கழுவிக்கொண்டு அந்தச் சிற்றலைகளையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் அந்தக் கேள்விக்கும் தூரம் அதிகம் இல்லை. நடுவில் நிற்கிற சொற்களும் சுவர்களும்தான் தூரம். கலைச்சொல்லை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பிக்கப்பில் தொடங்கி முடுக்கத்துக்குப் போக வேண்டும். நேராக முடுக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அதுவும் ஒரு சமஸ்கிருதம்தான்.

தமிழில் செய்து பார்த்த அனுபவம் நமக்கு இல்லாமல் இல்லை. 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் எடுத்து நடத்தியது. பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, விசாரித்து, தங்கள் மொழியில் ஆய்வாக எழுதிப் பேசினார்கள். 1987 முதல் 'துளிர்' இதழ் வருகிறது. இந்த முயற்சிகளில் நமக்கு விமர்சனம் உண்டு. தண்ணீரை ஆராயச் சொன்னவர்கள், ஊர்த் தண்ணித் தொட்டி எங்கே இருக்கிறது, காலனிக் குழாய்க்கு எத்தனை மணிக்குத் தண்ணி வருகிறது என்று ஆராயச் சொல்வது அபூர்வம். இருந்தாலும் கேள்வியைப் பிள்ளையே கேட்கலாம் என்ற வழியை அவர்கள் திறந்தார்கள். ஒலிம்பியாட் பிள்ளையிடம் விடையை மட்டும் கேட்கிறது.

5

தேர்வைச் சந்தேகத்தோடு பார்ப்பது தலித்துகளுக்குப் புதிது இல்லை. எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் அவரும் பறையர் மகாஜன சபையும் அதை எதிர்த்துச் சென்னையில் கூட்டம் கூட்டினார்கள். 3412 பேர் கையெழுத்துப் போட்ட 112 அடி நீள விண்ணப்பம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. தேர்வு இங்கே வந்தால் ஏற்கெனவே படித்த சாதிகளே அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அந்த அதிகாரம் நம் தலையில்தான் விழும் என்பது அவர்கள் வாதம். அவர்களைத் தேசத்துரோகி என்றார்கள். இன்றைக்குத் தகுதியைப் பற்றிக் கேள்வி கேட்கிறவனுக்கு 'படிக்கத் துப்பில்லாதவன்' என்று பேர். பேர்தான் மாறியிருக்கிறது.

2017 செப்டம்பர் 1ஆம் தேதி குழுமூர் அனிதா செத்துப்போனாள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவள். ஒரு தேர்வு அவளைத் தகுதி உள்ளவள் என்றது. இன்னொரு தேர்வு இல்லை என்றது. இரண்டில் எது அளவுகோல் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவளிடம் இல்லை. அதற்கு முன்னால் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா. கார்ல் சாகனைப் போல அறிவியலை எழுதுகிறவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன். நட்சத்திரங்களை நேசித்த ஒரு தலித் பிள்ளை தன்னுடைய பிறப்பைப் பற்றி எழுதிவைத்துவிட்டுச் சாக வேண்டியிருந்தது. அறிவியலுக்குச் சாதி கிடையாது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு பிள்ளைகளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கேள்வியே கொலை ஆயுதமாக ஆனதும் உண்டு. 1970களிலும் 80களிலும் மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கு யூதப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுத வந்தால், வாய்மொழித் தேர்வில் அவர்களுக்கென்று தனியாகச் சில கணக்குகள் வைத்திருந்தார்கள். பார்த்தால் பள்ளிக் கணக்கு மாதிரி இருக்கும். விடையும் சின்னதாக இருக்கும். ஆனால் கொடுத்த நேரத்தில் கண்டுபிடிப்பது யாருக்கும் முடியாத காரியம். ஒலிம்பியாடில் பரிசு வாங்கின பிள்ளைகளையும் அப்படி வெளியே தள்ளினார்கள். சவப்பெட்டிக் கணக்குகள் என்று அவற்றுக்குப் பேர். யாரும் 'நீ யூதன்' என்று சொல்லவில்லை. கணக்கு சொல்லிவிட்டது.

அதற்கு ஒரு பெண் பதில் சொன்னாள். பெல்லா சுபோத்தோவ்ஸ்கயா. 1978இல் தள்ளிவிடப்பட்ட பிள்ளைகளைக் கூட்டித் தன் வீட்டிலும் கிடைத்த இடத்திலும் ரகசியமாகக் கணித வகுப்பு நடத்தினாள். பெரிய கணித அறிஞர்கள் வந்து காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கி வைத்ததும் அவள்தான். 1982இல் ஒரு வண்டி மோதிச் செத்தாள். அடுத்த வருஷத்தோடு வகுப்புகள் நின்றுபோயின. அங்கே படித்தவர்கள் பின்னாளில் உலகம் முழுக்கக் கணிதம் சொல்லிக் கொடுத்தார்கள். நம் சேரிகளில் மண்ணெண்ணெய் விளக்கில் இரவுப் பாடசாலை நடத்தியவர்களின் கதையும் இதுதான். அதை எழுதி வைக்க ஆள் இல்லை.

6

அப்படியென்றால் ஒலிம்பியாடைப் புறக்கணிக்கச் சொல்கிறாயா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். இல்லை. கணக்கு அழகானது. கடினமான ஒரு கேள்வியோடு ரெண்டு நாள் மல்லுக்கட்டி விடை கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை மேல்சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட நமக்கு உரிமை இல்லை. தலித் இலக்கியம் என்று வந்தபோது நாம் மொழியை வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய் அதன் வயிற்றைக் கிழித்து நம் பேச்சை வைத்தோம். அறிவியலிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

கேள்வியை நாமும் எழுதலாம். எங்கள் புள்ளலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி இங்கேதான் ஹைதர் அலி, திப்புவின் படை கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தது. மைசூர்ப் படை இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளை விட்டது. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட்டாலா, பீரங்கிக் குண்டாலா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் பின்னால் 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காங்கிரீவ் ராக்கெட் செய்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் திப்புவின் ராக்கெட் படையின் ஓவியத்தைப் பார்த்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் இதே இடத்தில் மறுபடியும் சண்டை. அதில் செத்த இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் உயரமான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. இரும்பை அடித்துக் குழாயாக்கினவனுக்கும், பீரங்கி வண்டியைச் சேற்றில் தள்ளினவனுக்கும் தூண் இல்லை. பெய்லி தோற்ற இருபதாவது நாள், 1780 செப்டம்பர் 30ஆம் தேதி, கம்பெனி சென்னையில் பயனியர் கம்பெனிகளை உண்டாக்கியது. பாதை போடுவதும் பள்ளம் தோண்டுவதும் பாலம் கட்டுவதும் அவர்கள் வேலை. பின்னாளில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்த மதராஸ் சாப்பர்ஸ் படை அந்தத் தேதியைத்தான் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. பொறியியல் நம் சனத்துக்கு ஐ.ஐ.டி. வந்த பிறகு தெரிந்த விஷயம் இல்லை.

இதிலிருந்து ஒரு கேள்வி: காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய் இருந்தால் உள்ளே எவ்வளவு அழுத்தம் தாங்கும்? அழுத்தம் கூடினால் வாயு வெளியேறும் வேகம் எப்படி மாறும்? குழாயின் எடையும் கூடுகிறதே, அப்புறம் எவ்வளவு தூரம் போகும்? பதினொன்றாவது பாடத்தில் உள்ள உந்த மாறா விதியோடு தொடங்கினால் போதும். இப்படி ஒரு ஊருக்கு ஒரு கேள்வி எழுதினால் ஒரு புத்தகம் வரும். கவலைக்கு ஒரு கேள்வி, செங்கல் சூளைக்கு ஒரு கேள்வி, காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைக்கு ஒரு கேள்வி, மலக்குழிக்குள் இறங்கினவனைக் கொல்கிற வாயுவுக்கு ஒரு கேள்வி. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும், கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பது வேதியியல். மூக்கு ஏமாற்றுகிற அந்த இடத்தில் மனுசனை இறக்குவது சாதி. அந்தக் கேள்வித்தாளில் இரண்டும் வரட்டும்.

எழுத்தாளர்கள் இதைச் செய்யலாம். அறிவியல் படித்து வேலையில் இருக்கிற நம் ஆட்கள், வாரத்துக்கு ஒரு சாயங்காலம் காலனிக்கு வந்து பிள்ளைகளோடு உட்காரலாம். செயல்பாட்டுத் தோழர்களுக்கு வேறு வேலை. முதல் சுற்றுத் தேர்வு வழக்கமாக நவம்பரில் வருகிறது. பேர் கொடுப்பது அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். மாவட்டத்தில் எத்தனை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இருந்து பேர் போனது, ஏன் போகவில்லை, தேர்வுக் கட்டணத்தை யார் கட்டுவது, நிறுத்தி வைத்த திறனாய்வுத் தேர்வு எப்போது திரும்ப வரும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ஒலிம்பியாட் வழியாக ஐ.ஐ.டி. இடம் கொடுக்கிறவர்களிடம், அந்த இடங்களில் இதுவரை எத்தனை பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். 2022இல் தமிழ்நாடு அரசு ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் வானவில் மன்றம் தொடங்கி, செய்து பார்க்கிற அறிவியலைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. எட்டாவதுக்கு மேல் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றும் கேளுங்கள்.

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வருஷப் பதிவுக்கு ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பிள்ளைகளின் பேரையாவது எழுதுங்கள். ஓலை முதலில் குடத்தில் விழட்டும். குடத்தையும் கேள்வியையும் பற்றிய சண்டையை உள்ளே இருந்தும் போடுவோம்.